சொந்த ரத்தம்

பரளச்சி
12.02.2024

அண்ணன் தங்கபாண்டி அவர்களுக்கு, தங்கை செல்வலட்சுமி எழுதுவது. நானும் சுகப்பிரியாவும் நலமாக இருக்கிறோம். நீங்களும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஒன்பதரை வருடமாக ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் போட்ட கடிதங்கள் எல்லாம் வந்தன. படித்தேன். என் கணவரை வெட்டிவிட்டுச் சிறைக்குப் போன அண்ணனிடம் என்ன நலம் விசாரிப்பது என்று தெரியாமல்தான் பதில் போடவில்லை.

என் வலது இடுப்பு உங்களுக்குத் தெரியும். மோட்டார் ரூம் படியில் உடைந்தது கோணலாகவே ஒட்டிக்கொண்டது. விழுந்துவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். இப்போது மூட்டு முழுதும் தேய்ந்துவிட்டது. இரண்டு மாதமாகச் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூட்டை மாற்றிவிடலாம் என்கிறார்கள். பழைய எலும்பை உடைத்துச் சரிசெய்ய வேண்டியிருப்பதால் பெரிய ஆபரேஷன். ரத்தம் நிறையப் போகுமாம்.

அதில்தான் சிக்கல். என் ரத்தம் ஓ வகை என்று நினைத்திருந்தோம். எந்த ஓ ரத்தத்தோடு வைத்துப் பார்த்தாலும் சேரவில்லை. பாம்பே குரூப் என்று ஒன்று இருக்கிறதாம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். ஆனால் கூடப்பிறந்தவர்களுக்கு இருக்க வாய்ப்பு உண்டு என்று மயக்க மருந்து டாக்டர் நவநீதகிருஷ்ணன் சொன்னார். அண்ணன் ஒருவர் இருக்கிறார், வெளியூரில் இருக்கிறார் என்றேன்.

அங்கே உங்கள் ரத்தத்தைச் சோதித்துச் சொல்ல முடியுமா? இது நானாகக் கேட்பது இல்லை. டாக்டர் கேட்கச் சொன்னதை எழுதுகிறேன். போனில் பேச வேண்டாம். எழுதினால் போதும்.

இப்படிக்கு
செல்வலட்சுமி


மத்திய சிறை
24.02.2024

அன்புத் தங்கை செல்விக்கு அண்ணன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். கண் மட்டும் கொஞ்சம் மங்கல். இங்கே புத்தகம் கட்டும் பட்டறையில் வேலை. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. உன் வலி எப்படி இருக்கிறது? மருமகள் என்ன படிக்கிறாள்?

உன் கடிதத்தை ஆபீசில் பிரித்துப் படித்து முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். எல்லாக் கடிதத்துக்கும் அப்படித்தான். வாங்கி மூன்று தடவை படித்தேன். என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. இருக்கட்டும். எழுதினாயே, அதுவே பெரிது.

மறுநாளே சிறை டாக்டரிடம் போய் நின்றேன். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கிறார். உனக்கு இருப்பது எனக்கும் இருக்கும் என்று தோன்றுகிறது. எத்தனை பை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல். காவலுக்கு இரண்டு பேரோடு கூட்டி வருவார்கள். உன் கண்ணில் படாமல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நீ என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

மிளகாய் இந்த வருடம் எப்படி?

அண்ணன்
தங்கபாண்டி


பரளச்சி
14.03.2024

அண்ணனுக்குச் செல்வலட்சுமி எழுதுவது. நலம். உங்கள் கண்ணை அங்கேயே டாக்டரிடம் காட்டுங்கள். சுகப்பிரியா அருப்புக்கோட்டையில் கல்லூரியில் இரண்டாம் வருடம். மிளகாய் காய்ப்பு பரவாயில்லை.

சோதனை முடிவு டாக்டருக்கு வந்துவிட்டது. உங்களுக்கும் எனக்கும் ஒரே ரத்தம்தான். ஆனால் சிறையில் இருப்பவர்களிடம் ரத்தம் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். டாக்டர் வருத்தப்பட்டுச் சொன்னார். மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இந்த வகை ரத்தம் உள்ள ஒருவர் சென்னையில் பதிந்து வைத்திருந்தாராம். அவர் வெளிநாடு போய்விட்டார். அதனால் என் ரத்தத்தையே வைத்து முடித்துவிடலாம் என்கிறார் டாக்டர். ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு தடவை என்னிடமிருந்தே ஒவ்வொரு பை எடுத்து, என் பெயரை ஒட்டிக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். முப்பத்தைந்து நாள் கெடாது. குறைந்ததை ஈடுகட்ட இரும்புச்சத்து ஊசி போடுவார்கள். ஆபரேஷன் அன்று காலையில் இன்னொரு பை எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்கு உப்புத் தண்ணீரை ஏற்றுவார்கள். அதற்கப்புறம் வெட்டும்போது போவது நீர்த்த ரத்தம்தான். கெட்டியானது பையில் பத்திரமாக இருக்கும். இது போக ஒரு எந்திரம் இருக்கிறது. வெட்டின இடத்தில் சிந்துவதைக் குழாய் வைத்து உறிஞ்சி, கழுவிச் சுத்தம் செய்து, திரும்ப என் உடம்புக்குள்ளேயே ஏற்றிவிடுமாம்.

சிந்தினது எல்லாம் திரும்ப வந்துவிடுமா என்று கேட்டேன். "எல்லாம் வராதும்மா, பாதிக்கு மேல வரும். பெரிய ஆளு உடம்புல அஞ்சு லிட்டர் இருக்கு. கால்வாசி போனாக்கூட மனுசன் தாங்குவான். நேரத்தோட பார்த்தாப் போதும்" என்றார்.

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அது காயத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் காப்பாற்றிவிடலாம் என்றார்.

வருகிற 28ஆம் தேதி வியாழக்கிழமை முதல் பை எடுக்கிறார்கள்.

செல்வலட்சுமி


மத்திய சிறை
22.03.2024

அன்புத் தங்கைக்கு, உன் சுகத்தையும் மருமகள் சுகத்தையும் அறிய ஆவல். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் ரத்தம் ஆகாது என்று சிறை டாக்டரும் சொன்னார். விதி என்றால் விதிதான். உன் நிம்மதியைப் பற்றி எழுதியிருந்தாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

சிந்தின ரத்தத்தைத் திரும்ப ஏற்றும் எந்திரத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. ஆபீசில் படிப்பவர்கள் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

மாப்பிள்ளை இங்கே வருகிறார். நான் இங்கே வந்த முதல் மாதத்திலிருந்து வருகிறார். மதியம் சாப்பாடு முடிந்து எங்களை உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகு பார்த்தால் கதவோரம் உட்கார்ந்திருப்பார். அதே சிமெண்டுக் கலர் கட்டம் போட்ட கைலி. இடது தொடைப் பக்கம் நனைந்திருக்கும். தரை நனையாது. என்னைத் திட்டவில்லை, முறைக்கவில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டர் வீட்டு வாசலில் முறைக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருப்பார். முக்கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் இடம் காலியாக இருக்கும்.

ஆரம்பத்தில் பயந்தேன். பிறகு பழகிவிட்டது. நான் வெட்டிச் செத்த ஆள் என்னிடம்தானே வருவார்.

நீ தைரியமாக இரு. மனதில் எதையும் போட்டுக்கொள்ளாதே.

தங்கபாண்டி


பரளச்சி
03.04.2024

அண்ணனுக்கு, நலம்.

வியாழக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். வலி இல்லை. பை நிறைவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஊசியை உருவியதும் நர்ஸ் ஒரு துண்டுப் பஞ்சை வைத்து, என் கட்டைவிரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். "அமுக்கிப் பிடிங்கம்மா, தானா நின்னுரும்" என்றாள்.

அமுக்கிப் பிடித்தேன். நின்றுவிட்டது. பஞ்சில் ஒரு பொட்டு அளவுதான் இருந்தது.

அந்தப் பஞ்சைக் கீழே போடாமல் வீடு வரைக்கும் கையிலேயே வைத்திருந்திருக்கிறேன். பஸ்ஸில் சுகப்பிரியா சொல்லித்தான் தெரிந்தது.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே அவர் உட்காரும்போது காலை மடக்கி உட்காருகிறாரா, நீட்டியா?

செல்வலட்சுமி


மத்திய சிறை
12.04.2024

அன்புத் தங்கைக்கு, நீயும் மருமகளும் சுகமா? இரும்புச்சத்து ஊசி ஒத்துக்கொள்கிறதா? கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிடு.

இடது காலை நீட்டித்தான் உட்காருவார். வலது கால் மடக்கியிருக்கும். இதை எதற்குக் கேட்டாய்?

உன் கடிதம் வருவதற்கு முன்பே எழுத நினைத்தேன். மாப்பிள்ளை இங்கே வருவது நின்றுவிட்டது. பட்டறைச் சுவரில் நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மார்ச் 27 புதன்கிழமை வந்தார். 28ஆம் தேதி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உன் கடிதத்தில் வியாழக்கிழமை என்று பார்த்ததும் எழுந்து போய்ச் சுவரை இன்னொரு தடவை பார்த்தேன்.

விட்டது என்று இருக்க வேண்டும் எனக்கு. இருக்க முடியவில்லை. இங்கிருந்து போனவர் எங்கே போனார்?

செல்வி, வீட்டில் எல்லாம் எப்போதும் போலத்தானே இருக்கிறது? உடனே பதில் எழுது.

தங்கபாண்டி


பரளச்சி
19.04.2024

மாமாவுக்கு, சுகப்பிரியா எழுதுவது. நீங்கள் நலமா என்று கேட்டு எழுத வேண்டும் என்பது தெரியும். மாமா என்று எழுதுவதற்கே எனக்கு ஒரு நாள் ஆனது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் கடைசிக் கடிதம் மேசையில் கிடந்தது, படித்தேன். அம்மா அதற்குப் பதில் எழுதுவாள் என்று தோன்றவில்லை.

9ஆம் தேதி இரண்டாவது பையும் எடுத்துவிட்டார்கள். எனக்குக் கல்லூரி விடுமுறை. பகலில் வீட்டில்தான் இருக்கிறேன். அதனால்தான் இது தெரிந்தது.

மதியம் பன்னிரண்டு மணி ஆனால் அம்மா வாசல் கதவைத் திறந்து வைக்கிறாள். இடுப்பு மடங்காத அம்மா சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கதவோரம் தரையில் உட்காருகிறாள். முந்தானையைச் சுருட்டி, வெறும் தரையில் ஒரு இடத்தில் வைத்து, இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் அமுக்கிப் பிடிக்கிறாள். முக்கால் மணி நேரம். வேர்த்து ஊற்றுகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு தடவை கையைப் பிடித்து இழுத்தேன். "விடுடி, கையை எடுத்தா மறுபடி வருது" என்றாள்.

எழுந்த பிறகு அந்த முந்தானையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. ஆனால் அம்மா அதைத் தினமும் தனியாக அலசுகிறாள்.

ரத்தம் குறைந்ததால் வரும் தலைச்சுற்றலாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை. ஆனால் பக்கத்து வீட்டு ஆடுகள் எங்கள் வாசல் வழியாகத்தான் மேய்ச்சலுக்குப் போகும். மதியத்தில் வந்தால் இப்போது அந்த இடத்தைச் சுற்றி ஒதுங்கிப் போகின்றன. ஆட்டுக்கு யார் ரத்தம் எடுத்தார்கள்?

26ஆம் தேதி ஆபரேஷன். அப்பா இறந்த அன்று என்ன நடந்தது என்று அம்மாவும் என்னிடம் சொன்னதில்லை, நீங்களும் எழுதியதில்லை. ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

சுகப்பிரியா


பரளச்சி
22.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு, செல்வி எழுதுகிறேன். பிழைத்துக்கொண்டேன். நடைச்சட்டத்தைப் பிடித்து வாசல் வரை நடக்கிறேன். உனக்குக் கண்ணாடி வந்ததா? இவ்வளவு நாள் உன்னைக் காக்க வைத்ததற்கு உடம்பு மட்டும் காரணம் இல்லை.

ஆபரேஷன் நான்கு மணி நேரம் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நினைவு இருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கைகளை அசையாதபடி கட்டினார்கள். அந்த எந்திரம் என் முகத்துக்கு நேராக இருந்தது. கிண்ணம் போல ஒன்று உள்ளே சுழலும், நிற்கும், தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், மறுபடி சுழலும். மேலே தொங்கிய பையில் சிவப்பு ஏறிக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ இரண்டு லிட்டர் போனதாம். எந்திரம் பாதியைத் திரும்பக் கொடுத்தது. என் பெயர் எழுதிய பைகள் மூன்றும் மீதியைப் பார்த்துக்கொண்டன. இன்னொருவர் ரத்தம் ஒரு துளி இல்லாமல் முடித்ததில் டாக்டருக்குப் பெருமை.

சுவரில் கடிகாரம் இருந்தது. பன்னிரண்டு ஆனதும் அவர் வந்தார். செருப்பும் தொப்பியும் இல்லாமல் யாரையும் விடாத அறையில் வெறுங்காலோடு வந்து எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்து அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். பையைப் பார்த்தார். குழாய் வழியாக அது என் கைக்குள் இறங்குவதைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "எனக்கு?" என்று கேட்டார்.

அது ஒன்றுதான் கேட்டார். என் கை இரண்டும் கட்டியிருந்தது. "இனிமே முடியாதுங்க" என்றேன். டாக்டர் நவநீதகிருஷ்ணன் தன்னிடம் சொல்கிறேன் என்று நினைத்துக் குனிந்து, "முடிஞ்சிரும்மா, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றார்.

அண்ணே, இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் ஆபீசில் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

அன்றைக்கு நீ எனக்காகப் பேச வந்தாய். உன் கண் முன்னாலேயே அவர் என்மேல் கை ஓங்கினார். நீ கருவேலம் வெட்டும் அரிவாளை எடுத்து ஒரு வெட்டு வெட்டினாய். தொடையில் விழுந்தது. "ஏத்தா, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணு" என்று கத்திக்கொண்டே வண்டியை எடுத்துத் திருச்சுழி ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடைந்தாய். நான் உடனே போன் செய்ததாகக் கோர்ட்டில் சொன்னேன். நீயும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

நான் உடனே செய்யவில்லை. போன் என் மடியில்தான் இருந்தது.

அவர் கதவோரம் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தொடையைப் பிடித்திருந்தார். கை வழுக்கியது. "செல்வி, துணியை வச்சு அமுக்கு" என்றார். நான் முந்தானையைச் சுருட்டிக் கையில் எடுத்தேன். எடுத்தவள் அப்படியே எதிரில் உட்கார்ந்துவிட்டேன். சாகட்டும் என்று நினைத்தேனா என்றால் சொல்லத் தெரியவில்லை. வீடு அமைதியாக இருந்தது. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அந்த வீடு அப்படி இருந்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இப்படி இருக்கட்டும் என்று மட்டும் இருந்தது. அவர் இன்னும் இரண்டு தடவை சொன்னார். அப்புறம் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் போன் செய்தேன்.

அமுக்கிப் பிடித்தால் நிற்கும் என்பது அந்தப் பஞ்சை வைத்த அன்றுதான் என் கைக்குத் தெரிந்தது. பத்து வருடமாக அவர் ஆள் மாறி உன்னிடம் வந்திருக்கிறார்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்வி


பரளச்சி
15.07.2024

அன்புள்ள அண்ணனுக்கு, நீ நலமாக இருக்க வேண்டும். என் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருக்கும். பதில் எழுதச் சொல்லி இதை எழுதவில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வெட்டினது வெட்டினதுதான், ஹைகோர்ட் வரை முடிந்த கேஸ் என்றார். என் பங்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

"ஒண்ணும் செய்யாம உட்கார்ந்திருந்தேங்கிறீங்க. அதுக்கு என்ன சாட்சி இருக்கு? செத்துப்போனவரா வந்து சொல்லப் போறாரு?" என்று கேட்டார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். மணி பதினொன்றே கால். பரளச்சி பஸ்ஸைப் பிடித்தால்தான் பன்னிரண்டுக்குள் வீட்டுக்கு வர முடியும்.

இப்போது நடைச்சட்டம் இல்லாமல் நடக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

செல்வி


மத்திய சிறை
05.09.2024

தங்கை செல்விக்கு அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ எழுந்து நடப்பது தெரிந்து சந்தோஷம். மருமகளைக் கேட்டதாகச் சொல்.

இரண்டு கடிதமும் வந்தன. ஆபீசில் கூப்பிட்டு, இதை வைத்து மனு ஏதும் போடப் போகிறாயா என்று கேட்டார்கள். அது எங்கள் வீட்டுப் பேச்சு என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். ஆனால் முதலில் வந்தது கோபம் இல்லை. அதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும். முதலில் வந்தது, அப்பாடா என்ற ஒரு மூச்சு. என் ஒரு வெட்டில் சாகவில்லை, பிழைத்திருப்பார் என்று ஒரு மூச்சு. அன்று ராத்திரிச் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறுநாள்தான் கோபம் வந்தது. பத்து வருடம் செல்வி. அம்மா செத்ததற்கு என்னைக் கை விலங்கோடு கொண்டுவந்து மூன்று மணி நேரம் நிறுத்தினார்கள். அதை எல்லாம் நினைத்து நினைத்து உன்னைத் திட்டினேன்.

பிறகு ஒரு நாள் பட்டறையில் அட்டை நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டேன். தோளில் கிடந்த துண்டை இழுத்துச் சுற்றினேன். அன்றைக்கும் என் தோளில் துண்டு இருந்தது. வண்டியை எடுத்ததற்குப் பதில் நான் குனிந்திருந்தால் போதும். ஸ்டேஷனுக்கு ஓடியது நியாயத்துக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த ரத்தத்தைப் பார்க்க முடியாமல்தான் ஓடினேன்.

மதியம் பூட்டு விழுந்ததும் இன்னும் கதவோரம் பார்க்கிறேன். யாரும் இல்லை. எனக்கு அவரோடு இருந்து பழகிவிட்டது. உன் வீட்டில் வயதுப் பெண் இருக்கிறாள். அவரை இங்கே அனுப்பிவிடு. எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. சொல்லிப் பார்.

பத்து வருடம் முடிந்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் விட்டாலும் விடுவார்கள். வெளியே வந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

அண்ணன்


பரளச்சி
20.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு, செல்வி எழுதுகிறேன். நலம். விரல் ஆறிவிட்டதா?

சுகப்பிரியாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்பா என்னையக் கேட்டாரா?" என்றாள். இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நீ சொன்னபடி அவரிடம் கேட்டுப் பார்த்தேன். "அண்ணன் கூப்பிடுது, போறீகளா?" என்றேன். அவர் காலை மட்டும் இன்னும் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அதனால் அவர் வர மாட்டார், நீ கதவைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. என்னைத் தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் இரண்டு நாற்காலி வாங்கிவிட்டேன். எதிரெதிரே உட்கார்ந்துகொள்கிறோம். முன்னைவிடச் சுலபமாக இருக்கிறது. அமுக்கிப் பிடித்தால் மெல்ல மெல்லக் குறைந்து, நேரம் முடியும்போது நின்றுவிடுகிறது. அவர் முகம் தெளிந்து எழுந்து போகிறார். மறுநாள் திரும்ப முதலிலிருந்து.

எங்கே போவது என்று எழுதியிருந்தாய். இங்கே வா. கீழ்ப்பக்க அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டிலும் போட்டாயிற்று. மேற்குக் காட்டில் இந்தத் தடவை குதிரைவாலி விதைத்திருக்கிறேன், மழை பெய்தால் நீ வரும்போது கதிராகியிருக்கும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு மட்டும் காட்டுப் பக்கமோ கடைப் பக்கமோ போய் இருந்துவிட்டு வா. திரும்பி வந்ததும் சாப்பாடு போடுகிறேன். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு வேலை இருக்கிறது.

உன் தங்கை
செல்வி